சும்மா ஊர் பார்க்கப் போனோம்

ஒரு பெண்ணை அவளுக்கே தெரியாமல் பார்த்துவிட்டு வருவது அவளுக்குச் செய்கிற உபகாரம் என்று எங்கள் வீட்டில் ஓர் எண்ணம் உண்டு. வீட்டுக்கே போய், புடவை கட்டி நிற்க வைத்து, கேசரியும் பஜ்ஜியும் தின்றுவிட்டு, அப்புறம் வேண்டாம் என்று சொன்னால் அந்தப் பெண் மனசு என்ன பாடுபடும்? அதனால் முதலில் கோயிலிலோ ஜவுளிக்கடையிலோ தள்ளி நின்று ஒரு பார்வை. பிடித்தால் முறைப்படி போவது. பிடிக்காவிட்டால் சத்தமில்லாமல் வீடு திரும்புவது. இதைச் சொல்லும்போது அம்மா முகத்தில் அப்படி ஒரு கருணை வழியும்.

என்னையும் அப்படிப் பார்த்திருக்கிறார்கள். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயசு. சமயபுரத்தில் மாவிளக்குத் தட்டோடு வரிசையில் நின்றபோது, துறையூர்ப் பக்கத்துக் குடும்பம் ஒன்று தேங்காய்க் கடை ஓரமாக நின்று என்னைப் பார்த்துவிட்டு, கறுப்பு என்று சொல்லிப் போய்விட்டதாம். எனக்கே இது தெரிந்தது பதினைந்து வருஷம் கழித்து. கல்யாணமாகி இரண்டு பிள்ளை பெற்ற பிறகு, அம்மா ஏதோ பேச்சுவாக்கில் உளறிவிட்டாள். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. முகம் தெரியாத யாரோ என்னை எடைபோட்டுத் தள்ளிவிட்டுப் போயிருக்கிறார்கள், நான் பாட்டுக்கு அம்மனிடம் வேண்டிக்கொண்டு நின்றிருக்கிறேன். அந்த வயிற்றெரிச்சல் இன்னும் ஆறவில்லை. அந்த எரிச்சலோடுதான் நான் தரங்கம்பாடிக்குப் போனேன். போய், அதையேதான் இன்னொருத்திக்குச் செய்துவிட்டு வந்தேன்.

பெண் பார்த்தது என் தம்பிக்கு. அப்போது அவனுக்கு முப்பத்தேழு வயசு. மண்ணச்சநல்லூரில் அப்பா நடத்திய ரைஸ் மில்லை அவன்தான் பார்த்துக்கொள்கிறான். மில் குடும்பத்தை எந்தக் கூட்டத்திலும் கண்டுபிடித்துவிடலாம், எல்லோரும் கத்துவோம். வீட்டை ஒட்டியே மில், காலையில் மிஷின் போட்டால் பொழுது சாய்கிறவரை ஓடும். தண்ணீர் கேட்பதும் கத்தல்தான், கொஞ்சுவதும் கத்தல்தான். அப்பாவுக்கு இரண்டு காதும் பாதிதான் கேட்கும். தம்பிக்கு வலது காது மந்தம், போனை ஸ்பீக்கரில் போடாமல் பேசவே மாட்டான். எங்கள் வீட்டில் யாரும் இதை ஒரு குறையாக நினைத்ததில்லை. மில்லுக்காரங்க காது என்று சொல்லிச் சிரிப்போம். பெண் வீட்டாரிடம் சொன்னதும் கிடையாது.

நான் கல்யாணமாகி ஸ்ரீரங்கம் வந்த புதிதில், பக்கத்து வீட்டு மாமி என்னைக் கூப்பிட்டு, பெருமாள் சயனத்தில் இருக்கிற ஊர், கொஞ்சம் மெல்லப் பேசக்கூடாதா என்று கேட்டார். இருபது வருஷமாகிறது. இன்னும் என் குரல் இறங்கவில்லை. ராஜகோபுரத்துக்குப் போகிற வழியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். எதிர்சாரிப் பூக்காரம்மாவோடு நான் பேசுவது தெருவுக்கே கேட்கும்.

சமயபுரத்துத் தரகர் ஒருநாள் தரங்கம்பாடி ஜாதகம் ஒன்றைக் கொண்டுவந்தார். பெண்ணுக்கு முப்பத்தொன்று. ஸ்கூல் டீச்சர். அம்மா இல்லை, அப்பா தபால் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பொருத்தமெல்லாம் பிரமாதம். ஆனால் ஒரு சிக்கல் இருக்கிறது என்று இழுத்தார். இதற்கு முன் ஐந்து பேர் பார்த்துவிட்டு, தோஷம் அது இது என்று ஏதோ சாக்குச் சொல்லித் தட்டிக்கழித்திருக்கிறார்கள். கடைசியாக வந்தவர்கள் நாகூரில் யாரோ சொந்தக்காரர்கள் போல நின்று, அவளுக்குத் தெரியாமலே பார்த்திருக்கிறார்கள். விஷயம் தெரிந்ததும் அவள் இரண்டு நாள் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தாளாம்.

"அதுக்கப்புறம் அந்தப் பொண்ணு அப்பாகிட்ட சத்தியம் வாங்கியிருக்குங்க. இனிமே தனக்குத் தெரியாம ஒருத்தர் முன்னாடி தன்னை நிறுத்தக்கூடாதுன்னு. சொன்னாலோ வேணாம்னு சொல்லிடும். அதான் அவரே கேக்கறாரு, நீங்க ஊர் பாக்க வர்ற மாதிரி வந்துட்டுப் போயிடுங்கன்னு."

அம்மா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. அப்பாவுக்கு எழுபது வரப்போகிறது, திருக்கடையூரில் சாந்தி செய்ய நாள் கேட்க எப்படியும் போகவேண்டும், அங்கிருந்து தரங்கம்பாடி கூப்பிடு தூரம், சும்மா ஊர் பார்க்கப் போனதாக இருக்கட்டும் என்றாள். சத்தியம் என்ற வார்த்தை என் காதில் நன்றாகவே விழுந்தது. எனக்குக் காதில் ஒரு கோளாறும் இல்லை. நான் வாயே திறக்கவில்லை. அந்தப் பெண்ணிடம் பேச்சுக் கொடுத்து வாயைக் கிளறுவது என் வேலை என்று அம்மா சொன்னபோது, எனக்கு உள்ளூரப் பெருமையாகக்கூட இருந்தது.

மாசி மாதம். வேன் என்னை ஸ்ரீரங்கத்தில் ஏற்றிக்கொண்டு தஞ்சாவூர், கும்பகோணம் வழியாகப் போனது. மாயவரம் தாண்டியதும் இரண்டு பக்கமும் சம்பா அறுப்பு நடந்துகொண்டிருந்தது. அப்பாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை, வண்டியை நிறுத்தச் சொன்னார். அவரும் தம்பியும் வரப்பில் இறங்கி, கதிரை உருவி, உள்ளங்கையில் தேய்த்து, உமியை ஊதிவிட்டு, அரிசியைப் பல்லில் கடித்துப் பார்த்தார்கள். ஈரம் போகவில்லை, உடைந்துவிடும் என்று அப்பா தலையாட்டினார். யாருடைய வயல் என்றுகூடத் தெரியாது. வாங்கப் போவதுமில்லை. கடித்துப் பார்த்துத் துப்பிவிட்டு வண்டியில் ஏறிக்கொண்டார்கள்.

திருக்கடையூரில் சாமி கும்பிட்டு, நாள் கேட்டுக்கொண்டு, தரங்கம்பாடி போய்ச் சேரும்போது பதினோரு மணி. ஊருக்குள் நுழைகிற வெள்ளை வளைவு வாசலில் அவள் குடையோடு நின்றிருந்தாள். அவள் அப்பாவின் பழைய சிநேகிதருக்குத் தெரிந்தவர்கள் திருச்சியிலிருந்து வருகிறார்கள், கொஞ்சம் சுற்றிக் காட்டு என்று அவளிடம் சொல்லியிருக்கிறார்கள். பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். நல்ல உயரம். என்னைவிட ஒரு சாயல் கறுப்பு. பார்த்தவுடனே எனக்கு அவளைப் பிடித்துவிட்டது, அதை மறைப்பானேன்.

அவளுக்கு அந்த ஊர் மேல் அப்படி ஒரு பிரியம். நானூறு வருஷத்துக்கு முன் டென்மார்க்கிலிருந்து வந்தவர்கள் இந்த இடத்தை வாங்கியது, கோட்டை கட்டியது, அச்சுக்கூடம் வைத்தது எல்லாவற்றையும் பக்கத்து வீட்டுச் சங்கதி மாதிரி சொல்லிக்கொண்டு வந்தாள். இங்கே கடல்காற்றில் ஓசோன் அதிகம், ஊர்க்காரர்களுக்கு நூறு வயசு என்று போர்டே வைத்திருக்கிறார்கள், ஆனால் எங்கள் ஊர் டாக்டரிடம் எப்போதும் கூட்டம்தான் என்று சொல்லிச் சிரித்தாள். தம்பியும் சிரித்தான். அவன் வெளியாட்களிடம் சிரித்து நான் பார்த்து வெகுநாளாகியிருந்தது.

ஒன்றை நான் கவனித்தேன். நடக்கும்போது அவள் எப்போதும் எங்களுக்கு இடப்பக்கமாகவே வந்தாள். யாராவது இடம் மாறினால், பேச்சை நிறுத்தாமலே பின்னால் சுற்றி வந்து மறுபடி அந்தப் பக்கமே சேர்ந்துகொண்டாள். டீச்சர் பழக்கம் போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

அம்மா தன் வேலையை ஆரம்பித்தாள். முதலில் வேனில் தண்ணீர் பாட்டிலை மறந்துவிட்டேன், எடுத்து வா என்று அவளை அனுப்பினாள். பாட்டில் என் பையில்தான் இருந்தது. கோட்டைக்கு முன்னால் இருந்த திடல் முழுக்க நடந்து போய் நடந்து வருகிறவரை அம்மா அவள் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்து, கண்ணாடி கொண்டுவரவில்லை, அந்தப் பலகையில் என்ன எழுதியிருக்கிறது, இங்கிருந்தே படி என்றாள். கண்ணாடி கைப்பையில் இருந்தது. அதற்கப்புறம், ஸ்ரீரங்கத்திலிருந்து நான் வாங்கி வந்த மல்லிகைச் சரத்தை எடுத்து, நானே வைத்துவிடுகிறேன் என்று கூப்பிட்டாள். அந்தப் பெண் சந்தோஷமாகத் திரும்பி நின்று தலையைக் கொடுத்தது. அம்மா பூ வைக்கிற சாக்கில் பின்னலை இரண்டு தரம் இழுத்துப் பார்த்தாள், சவுரி இல்லை என்று உறுதி செய்துகொண்டாள். எனக்கு அப்பாவும் தம்பியும் வரப்பில் நின்றது ஞாபகம் வந்தது. போதும் விடும்மா என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பூவை நறுக்கக் கத்தரிக்கோல் தேடிக் கொடுத்தேன்.

எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. கடலோரத்தில், அலை பாதியைத் தின்றுவிட்ட பழைய சிவன் கோயில் பக்கம் நிற்கும்போது அம்மா பின்னாலிருந்து கூப்பிட்டாள். அவள் திரும்பவில்லை. இரண்டாம் தரம் கூப்பிட்டும் திரும்பவில்லை. கொஞ்சம் திமிர் இருக்கிறது என்று அம்மா என்னிடம் முணுமுணுத்தாள். மூன்றாம் தரம் மில் குரலில் கூப்பிட்டதும் பதறித் திரும்பி, "சாரி ஆன்ட்டி, காத்துல விழல" என்றாள்.

"என்னம்மா ஆன்ட்டி கீன்ட்டின்னுட்டு. அத்தைன்னு வாய் நிறையக் கூப்பிடு."

அம்மா சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். எங்களில் மாமியாரைத்தான் அத்தை என்போம். சம்பந்தமில்லாத ஒருத்தி வயசுப் பெண்ணிடம் சொல்கிற வார்த்தை இல்லை அது. அந்தப் பெண்ணின் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. எங்களைக் கோட்டைக்குள் கூட்டிப்போனாள். அங்கே அருங்காட்சியகத்தைக் காட்டுகிறபோதும் வாய்தான் பேசியது. கண் தம்பி மேல் போய்ப்போய் வந்தது.

மேல்தளத்துக்கு நானும் அவளும் மட்டும் ஏறினோம். அம்மாவுக்கு முழங்கால் வலி, அப்பா நிழலில் உட்கார்ந்துவிட்டார், தம்பி அவருக்குத் துணை. மேலே ஆளே இல்லை. கடல் கண்ணெதிரே கிடந்தது. அவள் மதிலைப் பிடித்துக்கொண்டு என் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"அக்கா, ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லுங்க. நீங்க என்னைப் பாக்கத்தான் வந்திருக்கீங்களா? ஆமான்னா பரவாயில்ல, சொல்லிடுங்க. தெரிஞ்சு நிக்கறது எனக்குக் கஷ்டமில்ல."

அவ்வளவு மரியாதையாக என்னை யாரும் எதுவும் கேட்டதில்லை. ஆமாம் என்று சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? கீழே போய் அம்மாவிடம் திட்டு வாங்கியிருப்பேன், அவ்வளவுதான். சமயபுரம் வரிசையில் நின்ற என்னிடம் யாராவது அப்படி ஒரு ஆமாம் சொல்லியிருந்தால் நான் அவர்கள் காலில் விழுந்திருப்பேன்.

"சேச்சே, அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா. எங்கம்மா எல்லாப் பொண்ணுங்களையும் அத்தைன்னுதான் கூப்பிடச் சொல்லுவாங்க. நாங்க சும்மா ஊர் பாக்க வந்தோம்."

என் குரலில் ஒரு நடுக்கம் இருக்கவேண்டுமே, இல்லை. அவள் நம்பினாள். அப்படியே சுவரில் சாய்ந்து பெருமூச்சு விட்டு, தன்னைத்தானே திட்டிக்கொண்டு சிரித்தாள். யாரைப் பார்த்தாலும் சந்தேகப்படுகிற புத்தி வந்துவிட்டது, மன்னித்துக்கொள்ளுங்கள் என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். என்னிடம் மன்னிப்புக் கேட்டாள்.

அதற்கப்புறம் நான் கிளறவே வேண்டியிருக்கவில்லை, தானாகக் கொட்டினாள். ஏழு வயசில் விஷக்காய்ச்சல் வந்து இடது காது போய்விட்டது. சுத்தமாகக் கேட்காது. வலது காது நன்றாகக் கேட்கும், வேலைக்கோ வீட்டுக்கோ ஒரு குறையும் இல்லை. ஆனால் இடப்பக்கம் நின்று யாராவது மெதுவாகப் பேசினால் ஒன்றும் விழாது, சத்தமாகப் பேசினால் மற்றக் காது பிடித்துக்கொள்ளும். அதனால்தான் எல்லோரையும் வலப்பக்கத்தில் வைத்துக்கொண்டு நடக்கிறாள். அவள் அப்பா இதை யாரிடமும் சொல்லக்கூடாது என்று வாயைக் கட்டிப்போட்டிருக்கிறார். வந்தவர்களில் மூன்று பேருக்கு எப்படியோ தெரிந்துபோய், அதனால்தான் நின்றுபோனது. ஸ்கூலில்கூட யாருக்கும் தெரியாது, வெளியாட்களில் உங்களிடம்தான் முதலில் சொல்கிறேன் என்றாள்.

"உங்க வீட்ல எல்லாரும் எவ்ளோ சத்தமா பேசறீங்க. அந்தக் கடலோரத்த விட்டா காலைலேருந்து ஒரு வார்த்தை நான் விடல தெரியுமா? யார் வாயையும் பாத்துக்கிட்டு இருக்க வேண்டியதில்ல. எனக்கு உங்ககூட இருக்கறது அவ்ளோ சுகமா இருக்குக்கா."

நான் அவள் தலையைத் தடவிக் கொடுத்தேன். ஸ்ரீரங்கம் வா, என் கடை ராஜகோபுரம் போகிற வழியில்தான், கோயில் முழுக்க நானே சுற்றிக் காட்டுகிறேன், மேல்தளத்திலிருந்து கோபுரங்களைப் பார்த்தால் இறங்கவே மனசு வராது என்றேன். கட்டாயம் வருவதாகச் சொன்னாள். இதெல்லாம் மனசாரத்தான் பேசினேன். அதே மனசுக்குள் இன்னொன்றும் ஓடிக்கொண்டிருந்தது. அம்மா காலையிலிருந்து நடக்கவிட்டு, படிக்கவிட்டு, பின்னலை இழுத்தும் கண்டுபிடிக்காததை நான் பத்து நிமிஷத்தில் கண்டுபிடித்துவிட்டேன் என்ற குஷி.

மத்தியானம் அவள் வீட்டில் சாப்பாடு. வஞ்சிரம் வறுவல், நண்டுக் குழம்பு. அவள் அப்பாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. எங்கள் இலையைப் பார்ப்பதும், எங்கள் முகத்தைப் பார்ப்பதுமாக நின்றிருந்தார். நான் கை கழுவப் போனபோது பின்னாலேயே வந்து, பிடித்திருக்கிறதா என்று கண்ணாலேயே கேட்டார். நானும் கண்ணாலேயே சிரித்து வைத்தேன். கூடத்தில் அவள் என் தம்பிக்கு ரசம் ஊற்றிக்கொண்டிருந்தாள். அவன் தன் மந்தமான காதுப் பக்கம் நின்ற அவளிடம் என்ன என்று இரண்டு முறை கேட்டான். அவள் அலுத்துக்கொள்ளாமல், சுற்றி வந்து மறுபக்கம் நின்று மறுபடி சொன்னாள். அவனுக்கு எந்தப் பக்கம் கேட்கும் என்பதை அதற்குள் அவள் தெரிந்துவைத்திருந்தாள். பத்து வருஷம் போனாலும் வேறொருத்திக்கு அது தோன்றாது.

வேன் கிளம்பி போரையாறு தாண்டவில்லை, நான் சொல்லிவிட்டேன். அம்மா கேட்கக்கூட இல்லை. ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, பொண்ணு லட்சணமாக இருக்கிறாள், தம்பி முகமும் தெளிந்திருக்கிறது, முறைப்படி ஒருநாள் வரலாம் என்றுதான் பேசிக்கொண்டு வந்தாள். அங்கேயே விட்டிருக்கலாம். நான்தான் குனிந்து அவள் காதில் சொன்னேன், அந்தப் பெண்ணுக்கு ஒரு காது கேட்காதாம் என்று.

"நல்லவேளை" என்றாள் அம்மா.

முன்சீட்டிலிருந்து அப்பா, என்ன என்ன என்று திரும்பினார். அவருக்குக் கேட்கவில்லை. அம்மா இன்னொரு முறை சொன்னாள். அப்போதும் கேட்கவில்லை. கடைசியில் அம்மா வேனே அதிரும்படி, பொண்ணுக்கு ஒரு காது செவுடாம் என்று கத்தினாள். டிரைவர் கண்ணாடியில் எங்களைப் பார்த்தார். தம்பி ஸ்பீக்கரில் போட்டிருந்த போனை அணைத்துவிட்டு, யாருக்கு என்று கேட்டான். அவனுக்காக அம்மா மறுபடி கத்தினாள். ஒரு காது கேட்காத பெண்ணை வேண்டாம் என்று முடிவு செய்ய எங்கள் குடும்பம் இரண்டு தரம் கத்தவேண்டியிருந்தது. எனக்கு அப்போது சிரிப்பு வந்தது. சிரித்தேன், பொய் சொல்லக்கூடாது.

நாளைக்குப் பிறக்கிற குழந்தைக்கும் வந்தால் என்ன செய்வது என்றாள் அம்மா. காய்ச்சலில் போன காது குழந்தைக்கு எப்படி வரும் என்று நான் கேட்டிருக்கவேண்டும். அப்பா, சரி விடு, நமக்கு இது சரிப்படாது என்றார். தம்பியைப் பார்த்தேன். அவளைப் பிடித்திருந்தது அவனுக்கு, அது எனக்கு நிச்சயமாகத் தெரியும். அவன் டிரைவரிடம் ஏசியைக் கொஞ்சம் கூட்டச் சொன்னான். 

நான் வீடு வந்து சேர்வதற்குள் அவள் படங்கள் அனுப்பியிருந்தாள். வெள்ளை வளைவில் அப்பாவும் அம்மாவும், கோட்டை வாசலில் தம்பி, மேல்தளத்தில் நானும் அவளும் கன்னத்தோடு கன்னம் வைத்து எடுத்தது. அடுத்த தடவை இரண்டு நாள் தங்குகிற மாதிரி வாங்க அக்கா என்று எழுதியிருந்தாள். கும்பிடுகிற கை ஒன்றை அனுப்பிவைத்தேன்.

தரகரிடம் அம்மா ஒளிக்கவில்லை. காது விஷயத்தைப் பொண்ணே எங்க பொண்ணுகிட்ட சொல்லிடுச்சு என்று போட்டு உடைத்தாள். அவர் அதை அப்படியே அவள் அப்பாவிடம் சொல்ல, அவர் மகளிடம் போய், ஏன் சொன்னாய் என்று சண்டைக்கு நின்றிருக்கிறார். தன்னைப் பார்க்கத்தான் நாங்கள் வந்தோம் என்பதும், அப்பா சத்தியத்தை மீறினார் என்பதும், நான் அதை அம்மாவிடம் சொல்லிவிட்டேன் என்பதும் அவளுக்கு ஒரே சமயத்தில் தெரிந்திருக்கிறது. இதைத் தரகர்தான் பின்னால் சொன்னார். ஒருநாள் பார்த்தபோது என் போனில் அவள் முகப்படம் இல்லை, வெறும் சாம்பல் வட்டம் இருந்தது. ஒரு வாரம் திட்டிக்கொண்டு திரிந்தேன். அம்மாவை, தரகரை, அந்த அப்பாவை, வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாத அந்தப் பெண்ணைக்கூட. என்னைத் திட்டிக்கொள்ள மட்டும் ஆள் கிடைக்கவில்லை.

அடுத்த தை பிறந்ததும் தம்பிக்கு வையம்பட்டிப் பக்கம் பெண் அமைந்தது. அந்த மாசமே கல்யாணம். பத்திரிகைக் கட்டை என் கடை மேஜையில் வைத்துக்கொண்டு நான் விலாசம் எழுதிக்கொண்டிருந்த ஒரு காலையில், நிழல் விழுந்தது. நிமிர்ந்தால் அவள்.

ஸ்கூல் பிள்ளைகளை ஸ்ரீரங்கம் டூர் கூட்டி வந்திருக்கிறாள். இன்னொரு டீச்சர் அவர்களைச் சாப்பிட அழைத்துப்போயிருக்கிறார், ஒரு மணி நேரம் இருக்கிறது என்றாள். நீங்கள்தானே வரச் சொன்னீர்கள் என்றாள். முகத்தில் கோபம் இல்லை. நான் எழுதிக்கொண்டிருந்த பேனாவை மூடினேன். அவள் மேஜையிலிருந்து ஒரு பத்திரிகையை எடுத்து, முழுவதும் படித்து, நல்லா அச்சடிச்சிருக்காங்க என்று சொல்லி இருந்த இடத்திலேயே வைத்தாள்.

கடையை மூடிவிட்டு அவளைக் கூட்டிப்போனேன். சொன்னபடி எல்லாம் காட்டினேன். ரங்கவிலாச மண்டபம், ஆயிரங்கால் மண்டபம், மேல்தளம். கோபுரங்களை ஒவ்வொன்றாகக் கை நீட்டிச் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டாள், அழகாக இருக்கிறது என்றாள். திட்டுவாள், கேட்பாள் என்று காத்துக் காத்து ஒரே கோபுரத்தை இரண்டு தரம் காட்டினேன். உன் அப்பா எப்படி இருக்கிறார் என்று கேட்டதற்கு, நான் அவர்கிட்ட பேசறதில்லக்கா என்றாள். 

திரும்பி வரும்போது ராஜகோபுரம் போகிற தெருவில் நடந்தோம். பூக்கடை, பாத்திரக்கடை, பொம்மைக்கடை, ஒரே இரைச்சல். பழக்கம் போல அவள் எனக்கு இடப்பக்கமாக வந்துகொண்டிருந்தாள், நான் அவள் நல்ல காதுப் பக்கம் இருந்தேன். இனி அடக்க முடியாது என்று ஆனபோது ஆரம்பித்துவிட்டேன்.

"அன்னிக்கு கோட்டை மேல நீ கேட்டப்ப நான் சொன்னது..."

"ஒரு நிமிஷம்க்கா" என்றாள்.

நின்றாள். என் பின்னால் சுற்றிக்கொண்டு வந்து என் வலப்பக்கமாகச் சேர்ந்துகொண்டாள். இப்போது அவளுடைய இடது காது என் பக்கம் இருந்தது. நேராக முன்னால் பார்த்துக்கொண்டு, "சொல்லுங்க" என்றாள்.

நான் சொன்னேன். பொய் சொன்னது, வேனில் சொன்னது, சிரித்தது, சமயபுரத்தில் எனக்கு நடந்தது, தம்பியின் காது, அப்பாவின் காது, எல்லாவற்றையும் சொன்னேன். நான் தப்புப் பண்ணிவிட்டேன், மன்னித்துவிடு என்று இரண்டு தரம் சொன்னேன். அவள் ராஜகோபுரத்தை அண்ணாந்து பார்த்தபடி நடந்தாள்.

கொஞ்சம் சத்தமாகச் சொல்லியிருந்தால் அந்தப் பக்கத்திலும் கேட்டிருக்கும். கேட்கும் என்று அவளே எனக்குச் சொல்லியிருக்கிறாள். ஆனால் இரண்டு சாரியிலும் தெரிந்த கடைகள், பூக்காரம்மா வேறு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் வாழ்நாளில் முதல்முறையாக நான் மெதுவாகப் பேசினேன்.